பிரிக்காத கவர்

ஜிப்பாவின் இடது கையில் மடிப்பு சரியாக விழவில்லை. எழில் தண்ணீர் தெளித்து மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் அப்பா இருந்தார், ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணியோடு. பதினோரு மணிக்கு ஜெபம், மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் அவருக்கு ஜிப்பா போட்டுவிட வேண்டும்.

எட்டு மாதமாக அந்த ஜிப்பா பீரோவை விட்டு வெளியே வரவில்லை. இருபத்துமூன்று வருடம் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார். அதன்பின் எட்டு மாதம் குடோன்காரர்கள் கொடுத்த நீலச் சட்டை. ஆள் அதே ஆள்தான். ஆனால் நீலச் சட்டையில் தெருவில் நடந்தபோது பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்த மீதிப் பேர் தெரியாததுபோல் போனார்கள்.

"போதும் பாப்பா, விடு. கருகிடப் போவுது." பக்கத்து வீட்டுக் கண்ணம்மா வாசலில் நின்றாள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ரிட்டயராகி வந்த குடும்பம். விடிந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள். "அம்மா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது. நீயாவது ஒரு வாய் காப்பி குடி."

"அப்புறம் குடிக்கிறேன் ஆன்ட்டி."

கண்ணம்மா போனதும் எழில் கதவைச் சாத்திவிட்டு மேஜையிலிருந்த அப்பாவின் பைபிளை எடுத்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பக்கங்களுக்கு நடுவே பழைய பிரசங்கக் குறிப்புகள் இருந்தன. எல்லாம் நீல மையில் எழுதியவை. பேசும்போது விட்டுவிடக் கூடாத இடங்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் சின்னச் சின்னதாக எழுதியிருப்பார். 'இங்கே நிறுத்து.' 'முதியோரைப் பார்த்துச் சொல்.' அவள் தேடியது அந்தக் குறிப்புகளை அல்ல. அவளே எழுதிக் கொடுத்த ஒரு காகிதத்தை. அம்மா கண்ணில் படுவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். பைபிளில் இல்லை.

நேற்று விடியற்காலை ஐந்தே காலுக்கு, கேட்டுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுப் பையோடு நின்ற அப்பாவிடம் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இன்னிக்கும் கேக்காம வந்தீங்கன்னா, வீட்டுக்கே வராதீங்க."

அப்பா "சரிம்மா" என்றார். கேட்டை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடந்தார். அம்மா அப்போது பின்பக்கம் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வேறு யார் காதிலும் விழவில்லை.

கோபத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். சொன்னவர்களும் கேட்டவர்களும் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள். அவளும் மறந்துதான் போனாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் பில்லிங் பார்க்கும் ஆபீஸில் மதியம் தயிர்சாதம் சாப்பிட்டாள், கூட வேலை பார்க்கும் சபீனாவின் கல்யாணப் புடவை போட்டோக்களைப் பார்த்துச் சிரித்தாள். ஆறரை மணிக்கு போன் வந்தது. ஹார்ட் அட்டாக் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயது.

இப்போது அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா கேட்டாரா?

கேட்டு, அவர்கள் இல்லையென்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டுவிட்டு செத்தார் என்றால் அவள் எப்படியாவது பிழைத்துக்கொள்வாள்.

அப்பாவுக்குக் கேட்கத் தெரியாது. ஜீவரத்தினம் பாஸ்டருக்குப் பேச வரும், பாட வரும், சாவு வீட்டில் எதுவும் பேசாமல் உட்காரவும் வரும். கேட்க மட்டும் வராது. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு விசுவாசி கொடுத்த இடத்தில் தகரக் கூரை போட்டுச் சபை நடத்தினார். நாற்பது குடும்பம். சம்பளம் என்று ஒன்று இருந்ததே இல்லை. யாராவது வீட்டில் ஜெபத்துக்குக் கூப்பிட்டால், முடிந்து கிளம்பும்போது ஒரு கவர் கொடுப்பார்கள். அதை வாங்குவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு கையாலும் வாங்குவார். அதைப் பார்க்க மாட்டார், கொடுத்தவர் முகத்தைத்தான் பார்ப்பார். பைபிளுக்குள் வைத்து மூடுவார். வீட்டுக்கு வந்து பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிவிட்டுத்தான் பிரிப்பாள். ஒருமுறை கவரில் ஒன்றுமே இல்லை. "பாவம், அவசரத்துல போட மறந்திருப்பாங்க" என்றார் அப்பா. அடுத்த வாரமும் அந்த வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனார்.

இடம் கொடுத்தவர் இறந்ததும் பிள்ளைகள் அதை விற்றுவிட்டார்கள். தகரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிய அன்று அப்பா கூடவே நின்று ஆணிகளைப் பொறுக்கிக் கொடுத்தார். ஏசி போட்ட பெரிய சபைகளுக்குக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வீட்டு வாடகை நான்கு மாதம் நின்றது. அப்போது எழில்தான் சொன்னாள், வேலைக்குப் போங்கப்பா என்று. தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஐம்பத்தொரு வயதில், கையில் வேதாகமக் கல்லூரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு, எங்கே போவது?

முதல் கம்பெனியில் என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். கல்யாணம் நடத்தி வைப்பேன், அடக்கம் செய்வேன் என்றிருக்கிறார். "இங்க ரெண்டுக்குமே வேகன்சி இல்லையே சார்" என்று சிரித்தார்களாம். வீட்டில் வந்து அதைச் சொல்லி அவரும் சிரித்தார். இரண்டாவது இடத்தில் படிவம் கொடுத்தார்கள். 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டத்தில் அவர் எழுதியது: 'தங்கள் பிரியப்படி.'

எழிலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அன்றைக்கு ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே போட்டாள். அவள் மேனேஜர், அவர் வேலை கேட்டு வந்தவர்.

"எவ்வளவு சார் எதிர்பாக்கறீங்க?"

"உங்களுக்கு மனசுல என்ன படுதோ..."

"அப்பா. நம்பர் சொல்லுங்க. அழற புள்ளைக்குத்தான் பால்."

"இருபத்திரண்டு" என்றார் தரையைப் பார்த்து.

"இருபத்திரண்டு என்ன? ரூபாயா? தலையத் தூக்கி, ஆயிரம்னு சேத்துச் சொல்லுங்க."

இருபது தடவையாவது சொல்ல வைத்திருப்பாள். கடைசியில் வானகரம் பைபாஸ் பக்கம் ஒரு மருந்துக் குடோனில், ஸ்டோர் வேலைக்கான இன்டர்வியூவில், தலையைத் தூக்கி இருபத்திரண்டாயிரம் என்று சொல்லிவிட்டார். ஹெச்.ஆர். ரவிச்சந்திரன் "பண்ணிடலாம் சார்" என்றாராம். அன்று அம்மா கேசரி கிண்டினாள்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, ஆர்டரை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு இந்தக் காப்பியில் கையெழுத்துப் போடுங்கள் என்று இன்னொரு தாளை நீட்டியிருக்கிறார்கள். அப்பா கவரை இரண்டு கையாலும் வாங்கினார். ரவிச்சந்திரன் முகத்தைப் பார்த்தார். கவரைப் பைபிளுக்குள் வைத்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கண்ணை மூடித் திறந்து பிரித்தாள். உள்ளே பதினாலாயிரம் என்று இருந்தது.

"பிரிச்சுப் பாக்கலையாப்பா நீங்க?"

"அவரை எதிர்ல வெச்சுக்கிட்டே எப்படிம்மா பிரிக்கிறது? தப்பா நெனைக்க மாட்டாரா?"

மற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படி ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அதிலிருந்து எட்டு மாதம், "கேட்டீங்களா?" என்பதுதான் அந்த வீட்டில் சாயங்கால ஜெபம். நாளைக்குக் கேக்கறேன்மா. இன்னிக்கு ஸ்டாக் எடுக்கற நாள்மா. அவர் லீவும்மா. போன வாரம் அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: 'சார், இன்டர்வியூவில் பேசிய சம்பளம் வேறு, ஆர்டரில் உள்ளது வேறு. தயவுசெய்து சரிசெய்ய வேண்டும்.' நான்கே வரி. பார்த்துப் படித்தால் போதும். அப்பா அதைப் பிரசங்கம் படிப்பதுபோல் இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்குக் குடோனிலிருந்து நாகேந்திரன் வந்தான். அப்பாவோடு ஒரே ஷிப்டில் அட்டைப்பெட்டி அடுக்குகிறவன். பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெளியே சாமியானா நிழலில் வந்து உட்கார்ந்தான். எழில் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அண்ணா, நேத்து என்ன நடந்துச்சு?"

"இன்னா சொல்றது தங்கச்சி. மூணு மணிக்கு ஷிப்டு முடிஞ்சிச்சி. கார்டு பஞ்ச் பண்ட்டு வெளிய வந்தோம். பாஸ்டரு மட்டும் மேல ஆபீஸ் ரூம் பக்கமா போய்க்கினு இருந்தாரு. இன்னா பாஸ்டரே, ஊட்டுக்கு வரலியான்னு கேட்டேன். ஒரு வேலை இருக்குப்பா, முடிச்சிட்டுத்தான் போகணும்னாரு. நான் பஸ்ஸ புடிச்சிகினு வந்துட்டேன்."

"உள்ள போனாரா?"

"அது தெரியாதும்மா. ஆபீஸ் ரூம் வெளிய ஒரு பெஞ்சு கீது. ஆறு மணிக்கு பெருக்கற அம்மா பாத்துகீது. செவுத்துல சாஞ்சிகினு இருந்தாராம். தூங்கறாருன்னு நெனச்சி, அந்தம்மா அவரச் சுத்தியே பெருக்கிட்டுப் போயிகீது. திரும்பி வந்து லைட்ட போட்டப்பதான்..." அவன் தண்ணீரைக் குடித்தான். "ரவி சார் வருவாரு. அவரக் கேளு. அவருக்குத் தெரியும்."

மூன்று மணியிலிருந்து ஆறு மணி. மூன்று மணி நேரம் ஒரு மனுஷன் எதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்? உள்ளே கூப்பிடாமல் காக்க வைத்திருப்பார்கள் என்று எழில் நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் அந்த ரவிச்சந்திரனை ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம்.

அப்பாவுக்கு ஜிப்பாவைப் போட்டுவிட்டார்கள். பதினோரு மணி ஜெபத்துக்குப் பெரிய சபையிலிருந்து ஒரு போதகர் வந்தார். கையில் ஐபேட். "நம் அன்புச் சகோதரர் ஜீவரத்தினம்" என்று ஆரம்பித்தார். அம்மா ஞானம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். போதகர் என்று சொல்லவில்லை. ஊழியத்தை விட்டுவிட்டு உலக வேலைக்குப் போனவரைப் போதகர் என்று சொல்லக் கூடாதாம், சபை ஒழுங்கு. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்பா இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு ஜெபம் நடத்தி அடக்கம் பண்ணியிருப்பார். குடிகாரன், தூக்கு மாட்டிக்கொண்டவன் என்று யாருடைய பேரையும் அவர் குறைத்துச் சொன்னதில்லை.

பாட்டு முடியும் நேரத்தில் ரவிச்சந்திரன் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து மாலையை வைத்தார். மாலையில் ஒரு சின்ன அட்டை தொங்கியது: 'ஆர். ஜீவரத்தினம், ஸ்டோர் உதவியாளர்.' எழில் அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"சார், அப்பா நேத்து உங்களப் பாக்க வந்தாரா?"

"வந்தார்மா. மூணே காலுக்கு வந்தார். உக்காருங்க பாஸ்டர்னேன். நாங்க எல்லாருமே அவரப் பாஸ்டர்னுதான் கூப்பிடுவோம்."

"காக்க வெச்சீங்களா?"

"இல்லம்மா, உடனே வரச் சொல்லிட்டேன். எங்க அம்மாவுக்கு டயாலிசிஸ் போயிட்டிருக்கு, அது அவருக்குத் தெரியும். உள்ள வந்ததும் அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டார். சரியில்லன்னேன். நான் ஒரு ஜெபம் பண்ணட்டுமான்னார். எனக்கு முருகன்தான். இருந்தாலும் வேணாம்னு சொல்ல மனசு வரல. பத்து நிமிஷம் பண்ணார்." ரவிச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுந்தப்ப, வேற எதாவது சொல்லணுமா பாஸ்டர்னு நானே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பாக்கெட்டுல கை வெச்சார். அப்புறம் எடுத்துட்டார். ஒண்ணுமில்ல சார், நீங்களே கஷ்டத்துல இருக்கீங்கன்னார். வெளிய போயிட்டார்."

எழில் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு நான் கிளம்பறப்பவும் அந்தப் பெஞ்சுலயே உக்காந்திருந்தார். ஏன் பாஸ்டர், வீட்டுக்குப் போகலையான்னு கேட்டேன். போகணும் சார்னு சிரிச்சார். ஏதோ யோசனையா இருந்தார். எனக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரமாயிடுச்சு, வந்துட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவர் என்கிட்ட எதாவது கேக்க வந்தாராம்மா?"

சாமியானாவில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"இல்ல சார்" என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்தார். "இந்த மாசத்துல அவர் வேலை செஞ்ச நாளுக்கு உள்ளது. கணக்கு முடிச்சாச்சு. கூட ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து போட்டதும் இருக்கு. பிரிச்சு எண்ணிப் பாத்துட்டு, இந்த வவுச்சர்ல மட்டும் ஒரு கையெழுத்து."

வவுச்சரில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு கோரிக்கை எதுவும் இல்லை' என்று அச்சடித்திருந்தது. எழில் கவரை இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ராத்திரி தூங்காத முகம். அவர் நீட்டிய பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"எண்ணிப் பாக்கலையாம்மா?"

"இருக்கட்டும் சார்."

போதகர் ஒருவர் இறந்தால் மற்றப் போதகர்கள்தான் பெட்டியைத் தூக்குவார்கள். அப்படித்தான் அப்பாவும் எத்தனையோ பேரைத் தோளில் சுமந்திருக்கிறார். மூன்று மணிக்கு அவருடைய பெட்டியைத் தூக்க ஆள் தேட வேண்டியிருந்தது. ஐபேட்காரர் கல்லறைக்கு நேரே காரில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாகேந்திரனும், பாதி ஷிப்டில் பர்மிஷன் கேட்டு நீலச் சட்டையிலேயே வந்த குடோன்காரர்கள் ஐந்து பேரும் தூக்கினார்கள். பெட்டி தூக்குவது அவர்களுக்குப் பழக்கம். ஆட்டம் இல்லாமல் கொண்டுபோனார்கள். குழியில் இறக்கியதும் எழில் ஒரு பிடி மண் போட்டாள். அழுகை வரவில்லை. அழுதால் யாராவது கட்டிப்பிடித்து, நீ என்னம்மா பண்ணுவே என்று ஆறுதல் சொல்வார்கள். அதைக் கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீடு திரும்பியபோது ஆறு மணி. ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஞானம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழில் கவரைக் கொடுத்தாள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெகு நேரம் திறக்கவில்லை. பிறகு பிரிக்காமலே பைபிளுக்குள் வைத்தாள்.

"எழிலு."

"என்னம்மா?"

"மூணு மணிக்கே வேலை முடிஞ்சிடுச்சாமே. நாகேந்திரன் சொன்னான். அப்புறம் எதுக்கு அங்கேயே உக்காந்துட்டு இருந்தாங்களாம்?"

எழில் ஈரத் தரையைப் பார்த்தாள்.

"தெரியலம்மா."

"நேரா வீட்டுக்கு வந்திருந்தாங்கன்னா, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. மார வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க." அம்மாவுக்கு அழுகைகூடச் சத்தமாக வரவில்லை. "வீட்டுக்கு வர்றதுக்கு என்னவாம் அவங்களுக்கு?"

எழில் எழுந்து பின்பக்கம் போனாள். கொடியில் நீலச் சட்டை தொங்கியது. ஆஸ்பத்திரியில் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்த துணியைக் கண்ணம்மா காலையிலேயே ஊற வைத்து அலசிப் போட்டிருக்கிறாள். நல்ல மனசு. எல்லாப் பட்டனும் போட்டு, காலரை நிமிர்த்தி விட்டிருந்தாள். சட்டை காய்ந்துவிட்டது. பாக்கெட் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரமாகக் கனத்தது.

அவள் இரண்டு விரலை உள்ளே விட்டாள். காகிதம் கூழாகி உருண்டு கிடந்தது. உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. அவள் எழுதிய நான்கு வரியும் கரைந்து ஒரே நீலமாகப் பரவியிருந்தது. அந்த நீலத்துக்கு நடுவே அங்கங்கே சிவப்பு. இரண்டு இடத்தில் கோடு இருந்ததுபோல் தெரிந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தாக ஏதோ எழுதியிருந்திருக்கிறார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடத் தேறவில்லை.

"எழிலு," உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "இனிமே யாரும் வர மாட்டாங்க. கேட்டைப் பூட்டிட்டு வந்துடு."

எழில் கையை மூடிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் தொறந்திருக்கட்டும்மா" என்றாள்.